பழைய பிக்கப்பில் இன்ஜின் ஆயில் கசிவு: எங்கே என்று கண்டுபிடித்து நிறுத்துவது எப்படி

பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய டீசல் பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொலேரோ பிக்கப்போ டாடா 207-ஓ, எதுவானாலும் சரி. வண்டி நின்ற இடத்தில் கறுப்பாகப் பொட்டு விழுகிறது. விசாரித்தால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "டீசல் இன்ஜின்னா கொஞ்சம் கசியத்தாண்ணே செய்யும், ஆயில் ஊத்தி ஓட்டுங்க" என்பது ஒன்று. "பின்னாடி சீல் போயிருச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்பது இன்னொன்று. இரண்டுமே சில சமயம் சரியாக இருக்கும். ஆனால் கீழே குனிந்து பார்க்காமல் சொன்னால் எதையும் நம்பாதீர்கள்.

ஆயில் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. மேலே டேப்பட் கவர் (இன்ஜின் ஹெட்டின் மேல் மூடி) ஓரத்தில் கசிந்த ஆயில் பிளாக்கின் பக்கவாட்டில் வழிந்து, வண்டி ஓடும்போது ஃபேன் காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் சம்புக்கும் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) பெல் ஹவுசிங்குக்கும் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) நடுவில் வந்து சொட்டும். கீழே நின்று பார்ப்பவருக்கு அது அச்சு அசலாக கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் கசிவு மாதிரியே தெரியும். டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்ற ஒரு காலை நேரம் போதும். பின் சீலுக்கு கியர் பாக்ஸே கீழே இறங்க வேண்டும். கூலியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் இந்த வேலையில் பாதிக்கு மேல் தேடுவதுதான், ஸ்பேனர் பிடிப்பது அப்புறம்.

முதலில், அது இன்ஜின் ஆயில்தானா?

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது இன்ஜினிலிருந்து கியர் பாக்ஸ் வரைக்கும் அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிடுங்கள். முன் சக்கரம் எங்கே நிற்கிறது என்று அட்டையில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்தை வைத்து, அது இன்ஜினுக்கு நேர் கீழேயா, கியர் பாக்ஸுக்குக் கீழேயா, ஸ்டியரிங் பக்கமா என்று சொல்லிவிடலாம்.

பிறகு விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். டீசல் இன்ஜின் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டி, கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். பவர் ஸ்டியரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. கூலன்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படியும். பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி இளகியது, பெயின்ட்டை உரித்துவிடும். அது சொட்டினால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைப் பாருங்கள், வண்டியை எடுக்காதீர்கள்.

புதியவர்களை ஏமாற்றுவது டீசல் கசிவு. பழைய இன்ஜின்களில் இன்ஜெக்டர்களுக்கு மேலே ஓடும் சின்ன ரிட்டர்ன் டியூப்கள் காய்ந்து வெடித்து டீசல் கசியும். அது இன்ஜின் மேல் படிந்த பழைய அழுக்கைக் கரைத்துக்கொண்டு கறுப்பாகக் கீழே விழும். பார்த்தால் ஆயில்தான் என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். டீசல் கலந்திருந்தால் சட்டென்று அகலமாகப் பரவி ஓரத்தில் எண்ணெய் வளையம் விடும், வாடையும் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் ஆயில் மெதுவாகத்தான் ஊறும்.

எவ்வளவு போகிறது என்று அளந்து பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிஷம் கழித்து ஆயில் கேஜை உருவித் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடுத்துப் பாருங்கள். அளவையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நிறைய இன்ஜின்களில் கேஜின் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கிறது.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தரையில் சொட்டு அதிகம் இல்லை, ஆனால் கேஜில் அளவு மளமளவென்று குறைகிறது என்றால் ஆயில் உள்ளேயே எரியலாம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். மாறாக, ஊற்றாமலே அளவு ஏறினால் டீசலோ தண்ணீரோ ஆயிலில் கலக்கிறது. ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர். இந்த நிலைமையில் வண்டியை ஓட்டக் கூடாது, கசிவு வேலையெல்லாம் அப்புறம்தான்.

டேஷ்போர்டில் எரியும் ஆயில் லைட்டை நம்பி அளவு பார்க்காமல் இருக்காதீர்கள். பழைய வண்டிகளில் அந்த லைட் அளவைக் காட்டுவதில்லை, பிரஷரைக் காட்டுகிறது. ஓடும்போது அது எரிந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே ஓரம் கட்டி அணைத்துவிட வேண்டும்.

கழுவாமல் தேடாதீர்கள்

வருஷக்கணக்கில் ஆயிலும் புழுதியும் சேர்ந்து கெட்டிப்பட்ட இன்ஜினில் புதுக் கசிவைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. எல்லா இடமும் ஈரமாகத்தான் தெரியும்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய், வயர் கனெக்டர்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டுங்கள். முதலில் டீசல் தொட்ட பிரஷ்ஷால் கெட்டி அழுக்கைத் தேய்த்துக் கரைத்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து எடுங்கள். பிறகு டீகிரீசரோ சோப்புத் தண்ணீரோ அடித்து, மெதுவான தண்ணீரில் அலசுங்கள். பெட்ரோலால் கழுவவே கூடாது. ஒரு சின்னப் பொறி போதும். வாட்டர் வாஷ் கடையில் விட்டால் துப்பாக்கியை நேராக சீல் மேலும் கனெக்டர் மேலும் அடிக்க வேண்டாம் என்று சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். காய்ந்ததும் பைகளை மறக்காமல் எடுங்கள். ஏர் ஃபில்டர் வாயில் கட்டிய பையை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒரு வேலைக்குப் பிறகே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். போன தடவை ஆயில் மாற்றியபோது ஊற்றுகிற இடத்தில் கொட்டிய ஆயில்தான் இத்தனை நாள் வழிந்துகொண்டிருந்தது என்று தெரியும். கசிவே இருந்திருக்காது.

பவுடர் வித்தை

கழுவிக் காய்ந்த இன்ஜினில், சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். டேப்பட் கவர் ஓரம் முழுக்க, குறிப்பாகப் பின் மூலை, பிளாக்கின் இரு பக்கம், ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், சம்ப் விளிம்பு, பெல் ஹவுசிங்கின் மேல் பகுதி. பெல்ட் மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்து பத்துப் பதினைந்து நிமிஷம் ஐடிலில் விட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் பட்ட இடத்தில் பவுடர் நனைந்து கறுத்துக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனால், எந்த இடத்துக்கு மேல் பவுடர் வெள்ளையாகவே இருக்கிறதோ அதுதான் கசியும் இடம். கை நுழையாத பின்பக்கத்துக்கு போன் கேமராவை வீடியோவில் போட்டு உள்ளே நீட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது லுங்கி, துண்டு, தொளதொளச் சட்டையோடு பெல்ட் பக்கம் போகாதீர்கள். சைலன்ஸர் மானிஃபோல்டில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

ஐடிலில் ஒன்றும் தெரியாவிட்டால், சுமையோடு ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சில கசிவுகள் ஆயில் சூடாகி இளகினால்தான் வெளியே வரும். இதற்காகவே விற்கும் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து யுவி டார்ச் அடித்துப் பார்ப்பது இன்னும் துல்லியமான வழி. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பவுடரே போதும்.

கீழே படுத்துப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பிக்கப் உயரமான வண்டி, பெரும்பாலும் தூக்காமலே அடியில் நுழையலாம். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் உள்ளே போகாதீர்கள். இரும்பு ஸ்டாண்ட் போடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிடுங்கள்.

மேலிருந்து கீழே, முன்னிருந்து பின்னே

இந்த வரிசையை மாற்றாமல் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையம் முதலில். அடுத்து டேப்பட் கவர். பிறகு டர்போ இருந்தால் அதற்கு ஆயில் போகும் பைப், திரும்பி வரும் பைப். நம் ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் டைனமோவின் முதுகிலேயே பிரேக்குக்கான வாக்குவம் பம்ப் இருக்கும். அதற்கும் இன்ஜின் ஆயில்தான் போகிறது. அந்த ஹோஸ் காய்ந்து கசிந்தால் டைனமோவே ஆயிலில் குளித்துவிடும், பிறகு சார்ஜும் நிற்கும். புதியவர்கள் பார்க்கத் தவறும் இடம் இது.

அதற்குக் கீழே ஆயில் ஃபில்டர், ஆயில் கூலர் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச். முன்பக்கம் கிராங்க் புல்லிக்குப் பின்னால் இருக்கும் சீல். இது போனால் புல்லி சுற்றும் வேகத்தில் ஆயில் வட்டமாக வீசியடிக்கப்பட்டு, புல்லிக்கு நேராக இருக்கும் எல்லாவற்றிலும் ஒரு பட்டை போலப் படிந்திருக்கும். அந்தப் பட்டையைப் பார்த்தால் வேறு சந்தேகமே வேண்டாம்.

சம்பைக் கடைசியில்தான் குற்றம் சொல்ல வேண்டும். மேலே எங்கே கசிந்தாலும் கடைசியில் சம்பில்தான் வந்து நிற்கும். பின் சீலும் அப்படித்தான்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் ஒரு பிக்கப்பில், பின் சீல் என்று முடிவு செய்து கியர் பாக்ஸை இறக்கி, சீலும் கிளட்ச் பிளேட்டும் போட்டு ஏற்றினார்கள். ஒரே வாரத்தில் அதே இடத்தில் அதே சொட்டு. அப்புறம்தான் கழுவிப் பவுடர் போட்டார்கள். பெல் ஹவுசிங்கின் மேலே ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. அதைப் பிடித்து மேலே போனால் டேப்பட் கவரின் பின் மூலையில் பேக்கிங் பிஸ்கட் மாதிரி உடைந்து கிடந்தது. வண்டிக்காரருக்கு லாபம் என்று பார்த்தால் புது கிளட்ச் பிளேட் மட்டும்தான்.

எதையும் மாற்றும் முன் இன்ஜின் மூச்சு விடுகிறதா என்று பாருங்கள்

பலரும் தாண்டிப்போகும் கட்டம் இது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அது வெளியே போகத்தான் பிரீதர் ஹோஸ் இருக்கிறது. அந்த ஹோஸ் அடைத்துக்கொண்டாலோ, ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்து வாயு அளவுக்கு மீறி இறங்கினாலோ, உள்ளே அழுத்தம் ஏறி, எந்த பேக்கிங் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். இதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். இந்த நிலையில் புது சீல் போட்டாலும் அது கொஞ்ச நாள்தான்.

சோதிப்பது எளிது. இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அந்த ஓட்டையின் மேலேயே வையுங்கள். சில இன்ஜின்களில் ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறியப்பட்டாலோ, குபுகுபுவென்று புகை அடித்தாலோ பேக் கம்ப்ரஷன் இருக்கிறது. ஆயில் கேஜ் தானாக மேலே எழும்பி நிற்பதும் அதே கதைதான்.

உடனே இன்ஜின் போச்சு என்று மனதை விட்டுவிட வேண்டாம். முதலில் பிரீதர் ஹோஸைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். உள்ளே ரப்பர் உப்பியோ, ஆயில் கசடு கெட்டித்தோ, கீழே தொங்கும் முனையில் சேறு அடைத்தோ இருக்கும். டீசலில் அலசி, காய வைத்துப் போடுங்கள். உப்பியிருந்தால் புதுசு போடுங்கள். ஹோஸ் ஏர் ஃபில்டர் பக்கம் போய்ச் சேரும் வண்டியில் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் இன்ஜின் பிரீதர் வழியாகவே ஆயிலை உறிஞ்சும். இதெல்லாம் செய்தும் மூடி பறக்கிறது என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ரிங், போர் வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்த பிறகு சீலுக்குச் செலவு செய்யலாம்.

சின்ன வேலைகள்

டிரெயின் நட்டில் கசிந்தால் இறுக்கிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம், மரை போய்விடும். அடுத்த ஆயில் மாற்றும்போது புது காப்பர் வாஷர் போடுங்கள். கிடைக்காத ஊரில் பழைய காப்பர் வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகிவிடும், அவசரத்துக்குத் தாங்கும். மரை ஏற்கெனவே போயிருந்தால் டெஃப்லான் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். லேத்தில் கொடுத்துப் புது மரை போடலாம், சம்ப் மலிவாகக் கிடைத்தால் அதையே மாற்றலாம்.

ஆயில் ஃபில்டரில் கசிந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டர் ஏறியிருக்கலாம். ஆயில் மாற்றிய மறுநாளே கசிவு ஆரம்பித்தது என்றால் முதல் சந்தேகம் இதுதான். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி, தொட்டதும் முக்கால் சுற்று. அவ்வளவுதான். ஸ்பேனர் போட்டு நெரிக்கக் கூடாது.

பிரஷர் சுவிட்சின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். கனெக்டருக்குள் ஆயில் இருந்தால் சுவிட்சின் உடம்பிலேயே கசிகிறது. மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை. ஒற்றை வயர் சுவிட்சுக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றினால் லைட் வேலை செய்யாமல் போகும். டேப் துணுக்கு உள்ளே போனால் ஆயில் வழியை அடைக்கும்.

டேப்பட் கவர் பேக்கிங்

பழைய பிக்கப்பில் நீங்களே செய்யக்கூடிய, பெரும்பாலும் பலனும் தரும் வேலை இது. பேக்கிங்கை வண்டியின் மாடலும் வருஷமும் சொல்லி வாங்குங்கள். போல்ட் தலைக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர்களையும் சேர்த்து வாங்குங்கள். அவை கல்லாகிப் போனால் பேக்கிங் புதுசாக இருந்தும் போல்ட் வழியாகக் கசியும்.

ஒரு முக்கியமான கட்டுப்பாடு. உங்களுடையது காமன் ரெயில் இன்ஜினாக (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் ரகம்) இருந்து, கவரை எடுக்க இன்ஜெக்டர்களுக்குப் போகும் இரும்பு பைப்களை அவிழ்க்க வேண்டியிருந்தால், அதோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் விடுங்கள். அந்த பைப்களில் 1000 பாருக்கு மேல் பிரஷர் ஓடுகிறது. ஓடும்போது நூல் மாதிரி பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பைப் குறுக்கே இல்லை என்றால் தொடரலாம். இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். கவரைச் சுற்றி ஒரு முறை துடைத்துவிடுங்கள், திறந்ததும் மண் உள்ளே விழக் கூடாது. பிரீதர் ஹோஸ், கிளிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்றாக இளக்குங்கள். நீளம் மாறும் போல்ட்டுகள் இருக்கும். அட்டையில் கவரின் படம் வரைந்து, அதே இடத்தில் குத்தி வைத்தால் குழப்பம் வராது. கவர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். கட்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

திறந்ததும் உள்ளே தெரியும் ராக்கர்களுக்கு மேல் சுத்தமான துணியைப் போட்டு மூடுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரியும். பழைய பேக்கிங்கை ஹெட் பக்கத்தில் பிளாஸ்டிக் தகடால் சுரண்டுங்கள். அலுமினிய ஹெட்டில் பிளேடு போட்டால் விழும் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம், அந்தத் துகள் உள்ளே போனால் பேரிங்கைத் தின்றுவிடும்.

தகட்டுக் கவராக இருந்தால், யாரோ எப்போதோ கண்ணை மூடிக்கொண்டு இறுக்கியதில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றிக் குழிந்திருக்கும். சமையலறை கிரானைட் மேடையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், வீட்டில் அனுமதி கிடைத்தால். ஆடினாலோ அடியில் வெளிச்சம் தெரிந்தாலோ, ஓட்டையை மரக்கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி நேராக்குங்கள். இதைச் செய்யாமல் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் கசியும். பேக்கிங் மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டுபவர்களில் பலர் இந்த இடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு முகத்தையும் தின்னர் தொட்ட துணியால் துடைத்து உலர விடுங்கள். ரப்பர் பேக்கிங் என்றால் பள்ளத்தில் வெறுமனே உட்கார வைத்தால் போதும். மூலைகளிலும் இரண்டு உலோகம் சேரும் விளிம்புகளிலும் மட்டும் சிலிக்கான் பேஸ்ட் ஒரு பொட்டு. கார்க் பேக்கிங் என்றால் கவர் பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவி ஒட்டி, ஹெட் பக்கம் காய்ந்தபடியே விடுங்கள், அடுத்த தடவை கழற்ற வசதி. நம் பக்கத்தில் எந்த பேஸ்ட்டையும் அனபாண்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எதுவானாலும் ஆயில் தாங்கும் ரகமா என்று டியூபில் பார்த்து வாங்குங்கள். பல்லுக்குப் பேஸ்ட் வைப்பது போலத் தாராளமாக வைத்தால், உள்ளே பிதுங்கும் பகுதி பிய்ந்து, சம்பில் இருக்கும் ஆயில் சல்லடையில் போய் அடைக்கும். ஆயில் ஏறாவிட்டால் இன்ஜின் ஜாம் ஆகிவிடும். கசிவை அடைக்கப் போய் இன்ஜினையே அடைத்த கதை.

துணியை வெளியே எடுத்தாகிவிட்டதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுக் கவரை வையுங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பிடித்துவிட்டு, நடுவிலிருந்து வெளியே, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், உங்கள் வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் அதுவே முடிவு. டார்க் ரென்ச் இல்லாவிட்டால் 10-ம் நம்பர் ரிங் ஸ்பேனரைத் தலைக்குப் பக்கத்திலேயே பிடித்து, மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள். பேக்கிங் லேசாக அமுங்கினால் போதும். வெளியே பிதுங்கினால் அதிகம்.

சம்ப்

சம்ப் பேக்கிங் செய்யக்கூடிய வேலைதான், ஆனால் கை வலிக்கும். சில வண்டிகளில் கிராஸ் மெம்பர் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) வழியை மறித்து நிற்கும், ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் டிஃபரன்ஷியலும் சேர்ந்துகொள்ளும். இன்ஜினைத் தூக்கிப் பிடிக்காமல் சம்ப் வராது என்றால் வீட்டு வாசலில் ஆரம்பிக்காதீர்கள். வரும் என்றால், ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்து, சம்பை இறக்கி, டேப்பட் கவருக்குச் சொன்ன அதே முறையில் விளிம்பை நேராக்கிச் சுத்தம் செய்யுங்கள். சல்லடையையும் டீசலில் கழுவுங்கள். அடியில் பளபளவென்று உலோகத் துகள் கிடந்தால் பேரிங் தேய்கிறது. அது தனி விசாரணை. பேஸ்ட் மட்டுமே போடும் ரகமாக இருந்தால் 3 மில்லிமீட்டர் கோடாக, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, விடாமல் ஒரே இழுப்பில். டியூபில் எழுதியிருக்கும் நேரம் வரை காய விடாமல் ஆயில் ஊற்றாதீர்கள். பலவற்றுக்கும் ஒரு நாள் கேட்கும்.

கிராங்க் சீல்கள்

முன் சீலை மாற்ற புல்லி போல்ட்டை அவிழ்க்க வேண்டும், புல்லர் வேண்டும், சீலை நெம்பும்போது கிராங்கில் கீறல் விழாத கைப்பக்குவம் வேண்டும். முதல் தடவை மெக்கானிக்கிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். நிற்கும்போது ஒன்று கேளுங்கள்: புல்லியின் கழுத்தில், சீல் உரசும் இடத்தில், நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைப்பது, மெல்லிய ஸ்லீவ் ஏற்றுவது, புல்லியை மாற்றுவது, இதில் ஒன்று செய்தாக வேண்டும்.

பின் சீல் என்று முடிவு செய்யும் முன், பெல் ஹவுசிங் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் பாருங்கள். அங்கே சொட்டுவது கந்தக வாடை அடித்தால் கியர் பாக்ஸ் முன் சீல்தான் போயிருக்கிறது. கறுப்பு இன்ஜின் ஆயிலாக இருந்து, மேலே பவுடர் எல்லாம் வெள்ளையாகவே இருந்தால், பின் சீலை ஒப்புக்கொள்ளலாம். ஏற்றத்தில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருந்தால் ஆயில் பிளேட்டுக்குப் போய்விட்டது, இனித் தள்ளிப்போட முடியாது. கியர் பாக்ஸ் இறங்கும் அன்றைக்கே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கியர் பாக்ஸின் முன் சீல் எல்லாவற்றையும் பார்த்து மாற்றிவிடுங்கள். பொருள் விலையைவிட இன்னொரு தடவை இறக்கி ஏற்றும் கூலிதான் வலிக்கும். மிகப் பழைய சில இன்ஜின்களில் பின்னால் ரப்பருக்குப் பதில் கயிறு மாதிரி ரோப் சீல் இருக்கும். அது கொஞ்சம் கசிவதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். உட்கார வைக்கத் தெரிந்த பழைய கை கிடைத்தால் மட்டும் தொடுங்கள்.

ஊற்றினால் நிற்கும் மருந்து

கசிவை நிறுத்தும் திரவம் என்று பாட்டிலில் விற்பார்கள். அது ரப்பரைக் கொஞ்சம் ஊறி உப்ப வைக்கும். லேசாக விறைத்த சீலில் சில மாதம் பலன் தெரியலாம். உடைந்த பேக்கிங்கிலும் பள்ளம் விழுந்த புல்லியிலும் ஒன்றும் ஆகாது. வண்டியை விற்கப் போகிறவர் ஊற்றுவது என்பதால், வாங்குகிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 15டபிள்யூ-40 ரக ஆயில் போட வேண்டிய இன்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் சொட்டு குறையும் என்பதும் அப்படித்தான். பழைய சாதா டீசலில் பெரிய கேடு வராது. டர்போவும் காமன் ரெயிலும் உள்ள வண்டியில் மேனுவல் சொல்வதைவிட்டு விலகாதீர்கள்.

வேலை முடிந்த பிறகு

ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, லைட் அணையும் வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். ஐந்து நிமிஷம் ஓட்டி அணைத்து, அளவு பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும், பிரீதர் வழியாக வெளியே தள்ளும். நீங்கள் மறுபடி கசிவு தேடிக்கொண்டிருப்பீர்கள். அன்று ராத்திரி மறுபடி அட்டை. கார்க் பேக்கிங் போட்டிருந்தால் இரண்டு மூன்று முறை சூடாகி ஆறிய பிறகு போல்ட்டுகளை ஒரு முறை தொட்டுப் பார்த்து, இளகியிருந்தால் மட்டும் பிடியுங்கள். ரப்பருக்கு அது வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து ஏதோ ஓர் ஓரத்தில் ஈரம் பூத்து, அதில் புழுதி ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். தரையில் விழாத, கேஜில் தெரியாத ஈரத்தைத் துடைத்துவிட்டு ஓட்டலாம். சைலன்ஸர் மானிஃபோல்டுக்கு மேலே இருந்தால் மட்டும் அந்த ஈரத்தையும் விடாதீர்கள், அது தீப்பிடிக்கும் இடம்.

வடித்த பழைய ஆயில், 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. சாக்கடையிலும் கிணற்றடியிலும் கொட்ட வேண்டாம். வேலிக் கம்பத்துக்குக் கரையான் மருந்தாகப் பூசும் வழக்கமும் நல்லதில்லை, மழையில் கரைந்து மண்ணுக்குத்தான் போகும். கேனில் மூடி, பழைய ஆயில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கையைப் பெட்ரோலில் கழுவாமல், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டால் கறை போய்விடும்.